மணலை நக்கிப் பார்க்கும் மனிதர்

லாரியின் பின்கதவைத் திறப்பதற்குள் பரசுராமன் மேலே ஏறிவிட்டார். மேலாகத் தெரியும் மணலை அவர் பார்ப்பதில்லை. அது பார்ப்பதற்காகவே போட்டது என்பது அவர் கட்சி. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அதில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். லாரி ஓட்டுநர் டீயைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

"உப்பு கீது."

"பாலாறு சார் இது. பாலாத்துல ஏது சார் உப்பு?"

"கடலு இங்கேருந்து இன்னா தூரம்? அப்படியே ஒரு ரவுண்டு போய் ரெண்டையும் கலந்துகினு வந்தா யாருக்குத் தெரியும்?"

ஓட்டுநர் தாமும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, உப்பே இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னார். "பீடி குடிக்கிற நாக்கு. அதுக்கு இன்னா தெரியும்?" என்று அவரை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார் பரசுராமன். "ஜெராக்ஸு, நீ வா. நீ நக்கு."

நக்கினேன். உங்களுக்காகக் கட்டுரை எழுதுகிறவன் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது, பாருங்கள். மணல் மணலாகத்தான் இருந்தது. சொன்னேன். என் நாக்கையும் அவர் நம்பவில்லை. ஒரு பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, வண்டல் எவ்வளவு படிகிறது என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் லாரியைக் கொட்டச் சொன்னார். அப்போதும் முழு மனசாக இல்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு மனு போட வருகிற பிள்ளைகளின் சான்றிதழ்களை நகல் எடுப்பதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். வல்லக்கோட்டை போகும் சாலையோரம் பரசுராமன் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் எனக்கு ஒரு கடை தருவதாகப் பேச்சு. அதனால்தான் அடிக்கடி போய் வருகிறேன். நான் எதற்கு அடிக்கடி வருகிறேன் என்பதில் அவருக்கு இன்னும் ஒரு தெளிவு பிறக்கவில்லை.

ஆள் குள்ளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. வேலையை விட்டு வந்த பிறகும் கம்பெனியின் நீலச் சட்டையைத்தான் போடுகிறார். மேல் பையில் இரும்பு ஸ்கேல், ஒரு நீள ஆணி, சின்னக் காந்தம். ஆணி, கல்லைக் கீறிப் பார்ப்பதற்கு. ஸ்கேல், கம்பியின் கனத்தைப் பார்ப்பதற்கு. காந்தம் எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும். வர்றவனுக்கு ஒரு பயம் வேணும்ல?" என்றார்.

அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவர். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களை உள்ளே விடலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்லும் பிரிவு. கம்பெனி பாஷையில் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு கொண்டுவருகிறவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார். ஒருமுறை ஒரு லோடு வாஷரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாராம். ஏன் என்று மேலதிகாரி கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்: "அந்தாளு ரொம்ப சிரிச்சான் சார்." பிரித்துப் பார்த்தபோது பாதி வாஷர் கோணல்.

வீட்டிலும் இதே கதைதான் என்கிறார் அவர் மனைவி பாப்பம்மாள். பால்காரன் மாறிக்கொண்டே இருக்கிறான். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்து இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "என்ன பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பக்கத்து வூட்ல போய், இந்தப் பொண்ணுக்கு இன்னா கோளாறுன்னு கேட்ட ஆளு இது" என்று அந்த அம்மாள் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். மறுக்கவில்லை. "கேட்டதுல இன்னா தப்பு?" என்றார்.

குடும்பத்து நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிஞ்சியது சாலையோரத்துத் துண்டு. கீழே சில கடைகளும் ஒரு மெஸ்ஸும், மேலே இரண்டு மாடி, தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் தங்குவதற்கு அறைகள் என்று திட்டம். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும்கூட இங்கே போட்டி.

வரைபடம் போட்டுத் தந்தவர் ஸுப்ரஜா. ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் மாடவீதிப் பெண். சென்னையில் ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்து, இரண்டு மூன்று கட்டடங்கள் செய்து பெயர் வாங்கியிருக்கிறார். அவரைப் பற்றியும் பரசுராமன் மாடவீதியில் தனியாக விசாரித்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸுப்ரஜாவுக்கு ஒரே கவலை, வெயில். "சார், நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற பொண்ணுங்க பகல்லதான் தூங்கணும். சித்திரை மாசம் மொட்டைக் கான்கிரீட்டுக்குக் கீழே யாரால தூங்க முடியும்? சுவரும் கூரையும் சூட்டை உள்ளே விடாம இருக்கணும். சிமென்ட்டும் கம்பியும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்கலாம்."

குறைக்கலாம் என்ற சொல்லைக் கேட்டதும் பரசுராமனின் கண்ணாடி மூக்குக்கு ஏறியது. கல்லைக் குத்துக்கல்லாக வைத்து, சுவருக்குள்ளேயே காற்று நிற்க இடம் விட்டுக் கட்டும் முறையை அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினார். "செவுத்துக்குள்ள சந்து வுடுறியா? யாரு குடித்தனம் வர்றதுக்கு? பாம்பா?" கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில், சுமை தாங்க வேண்டாத இடங்களில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் கான்கிரீட் மிச்சம், சூடும் குறையும் என்றார். "ஓட்ட ஒளிச்சு வச்சிட்டு மேல கான்கிரீட்ட ஊத்துற. இத வெளிய சொன்னா போலீஸ்ல புடிச்சிக் குடுப்பான்." அந்தப் பெண் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு. அந்தத் திட்டம் அடுத்த பல வாரங்களுக்கு நகரவே இல்லை.

கடைசியில் கூரைக்கு ஓடு பதிக்க ஒப்புக்கொண்டார். அதற்கும் ஸுப்ரஜாவின் பேச்சு காரணமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அப்படிக் கட்டிய ஒரு வீட்டுக்கு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல் போய், மத்தியானம் முழுக்க உள்கூரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்காரர் காபி கொடுத்ததைக் குடிக்கவில்லை.

சுவருக்கு என்ன கல் என்பதுதான் பெரிய வழக்காக நின்றது. சூளைச் செங்கல்லா, சாம்பல் கல்லா? அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலோடு சுண்ணாம்பும் கருங்கல் உடைக்கும் கிரஷரின் தூளும் கொஞ்சம் சிமென்ட்டும் சேர்த்து, மெஷினில் அழுத்தி எடுப்பது சாம்பல் கல். சுட வேண்டாம். விறகு வேண்டாம். வயலின் மேல்மண்ணைச் சுரண்ட வேண்டாம். சாம்பலோ எண்ணூர்ப் பக்கம் மலையாகக் கிடக்கிறது. இதையெல்லாம் ஸுப்ரஜா சொல்லச் சொல்லப் பரசுராமன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அவன் கொட்றதுக்கு எடமில்லாத குப்பைய என் செவுத்துல கொட்டச் சொல்ற. அதான?"

ஆனாலும் சூளைக்காரர்மேல் அவருக்கு இருந்த சந்தேகம் இதைவிடப் பெரிது. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளை ஒன்றுக்குப் போய், மண் எங்கே எடுத்தது என்று கேட்டிருக்கிறார். ஏரி மண் என்றாராம் சூளைக்காரர். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்றதற்குப் பதிலே சொல்லாமல் தோளில் கை போட்டாராம். "தோள்ல கை போடுறவன் கல்லு வேகாது" என்றார் என்னிடம். இரண்டு சந்தேகங்கள் வந்தால் சின்னதாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது அவர் முறை. நம்பிக்கை என்ற சமாச்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. அப்படித்தான் அவர் சாம்பல் கல் பக்கம் சாய்ந்தார்.

வல்லம் வடகால் தாண்டி, வயல்வெளி ஓரம் ஒரு கொட்டகை போட்டுச் சாம்பல் கல் அடித்துக்கொண்டிருந்தவர் பாண்டிச்செல்வி. வள்ளியூர்ப் பக்கம் சொந்த ஊர். அவரும் கணவர் இசக்கிபாண்டியும் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்கு வந்து, ஷிப்ட் மாறி ஷிப்டாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சில வருஷம் ஓட்டியவர்கள். நகையை விற்று மெஷின் வாங்கியிருந்தார்கள். சாலையோரம் முழுக்கக் கடையும் அறையுமாகக் கட்டடங்கள் கிளம்புகிற நேரம். அதில் ஒருவர் வாங்கிக் கட்டினால் மற்றவர்கள் தானாக வருவார்கள். யாரும் வாங்காவிட்டால் மறுபடியும் பழைய ஷிப்ட்தான்.

முதல் தடவை நானும் கூடப் போயிருந்தேன். உடம்பெல்லாம் சாம்பல் பூசி, தலையில் துண்டு கட்டிய பாண்டிச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்றார்.

"அண்ணாச்சி இன்னாத்துக்கு? நான் இன்னா மளிகைக்கடையா வச்சிருக்கேன்?"

"சரி சார். டீ சொல்லட்டுமா?"

"வாணாம்."

கல்லை ஆணியால் கீறினார். ஒன்றோடொன்று தட்டினார். தலைக்குமேல் தூக்கிக் கீழே போட்டார். உடையவில்லை. திருப்தி வரவில்லை. நாங்கள் இருக்கும்போது சிமென்ட்டைச் சரியாகப் போடுகிறார்கள், போன பிறகு? கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை வளைவில் நிறுத்தி, வயல் வரப்பு வழியாகக் கொட்டகையின் பின்பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனார். வேலிக்கு வெளியே குனிந்து நின்றோம். உள்ளேயிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது.

"சார், அது கருவேலம். சட்டை கிழிஞ்சிரும். வாசல் வழியாவே வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து, எதுவும் நடக்காதவர்போல் வாசல் வழியாகவே போய், கலவையைக் கையால் அள்ளிப் பார்த்தார். அதற்குப் பிறகும் பல நாள் போனார், கேட்காமல் கொள்ளாமல். எதிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாதது அவரை ரொம்பவே வருத்தியது.

ஒருவழியாக, சாலையை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரை மட்டும் முதலில் சாம்பல் கல்லில் கட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தார். அது நன்றாக நின்றால் மொத்தக் கட்டடமும் அதில்தான். தை மாதம், லோடு வண்டியோடு பாண்டிச்செல்வியும் வந்தார். கல் இறங்கி முடிந்ததும் சொன்னார்:

"சார், செங்கல்லு மாதிரி இத தொட்டில போட்டுராதீய. வைக்குறப்ப லேசா தண்ணி தெளிச்சா போதும்."

பரசுராமன் இறங்கிய கல்லை எண்ணிக்கொண்டிருந்தார். வண்டி போனதும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

"கேட்டியா? தண்ணில போடாதன்றா. ஏன் சொல்லணும்? நல்ல கல்லுன்னா போடு, போடாம இரு, உன் இஷ்டம்னு போயிருப்பா. போட்டா கரையும். அதான்."

"கரையாது சார். இதுக்குப் பக்குவமே அப்படித்தான் போல."

"பக்குவத்த எவன் சொல்றான்? விக்கிறவன்."

சூளைச் செங்கல் தண்ணீரை உறிஞ்சும். ஊறப்போடாமல் கட்டினால் கலவையிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிடிப்பில்லாமல் போகும். அதனால் கட்டுகிற வீடு எதுவாக இருந்தாலும் முதல்நாளே கல்லைத் தொட்டியில் போட்டுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கொத்தனார் சோம்பேறித்தனத்தில் ஊறப்போடாமல் ஏமாற்றுவார் என்பதற்காக வீட்டுக்காரர் காவல் இருப்பதும் வழக்கம். பரசுராமன் காவல் இருந்தார். அந்தச் சுவருக்கு வேண்டிய கல் அத்தனையும் அவர் கண்முன்னால் தொட்டியில் மூழ்கின. கரைகிறதா என்று அவ்வப்போது கையை விட்டுத் துழாவினார். ஒரு கல்லும் கரையவில்லை. ஏமாந்த முகத்தோடு கன்னியப்பனைக் கூப்பிட்டு, சொட்டச் சொட்ட எடுத்துக் கட்டச் சொன்னார். கன்னியப்பன் பழைய கொத்தனார். ஊறிய கல்லைத்தான் அவர் கையும் அறியும். கட்டினார்.

பங்குனி வெயிலில் சுவர் காய்ந்தது. காயக் காய விரிசல் விட்டது. படிக்கட்டு மாதிரி ஒரு மூலையில் இறங்கி, நடுவில் ஓடி, பூச்சையும் பிளந்துகொண்டு சாலையில் போகிறவர்களுக்குத் தெரிய நின்றது.

நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. விரிசல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "வேலைய காட்டிச்சி பாத்தியா சாம்பலு?" என்றார். இத்தனை நாள் பிடிபடாமல் இருந்த குற்றம் கடைசியில் கையில் கிடைத்துவிட்டது.

ஸுப்ரஜா வந்தார். சுவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஊறப் போட்டீங்களா சார்?" ஈரம் குடித்த சாம்பல் கல் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது சுவர் பிளக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் போன பிறகு பரசுராமன் என்னிடம் சொன்னார், "ரெண்டு பேரும் ஒரே விஷயத்த சொல்றாங்கன்னா இன்னா அர்த்தம்? பேசி வச்சிகினு சொல்றாங்கன்னு அர்த்தம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் அதையேதான் சொல்றேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் அந்தக் கூட்டில் சேர்த்தாயிற்று.

இந்தச் சாலையில் கட்டடம் கட்டுகிற யாரும் பரசுராமனைக் கேட்காமல் ஒரு மூட்டை சிமென்ட் வாங்குவதில்லை. அவருடைய சந்தேகத்துக்குத் தப்பிய பொருள் எதற்கும் தப்பும் என்று ஒரு பேச்சு உண்டு. வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விரிசலைக் காட்டினார். "சாம்பல் கல்லா? தோ பாரு." அவ்வளவுதான். கல்யாண மண்டபம் கட்டுகிறவர் ஆர்டரை நிறுத்தினார். அடுத்த வளைவில் அறைகள் கட்டுகிறவர், சொல்லி வைத்த லோடு வேண்டாமென்று ஆள் அனுப்பினார். பாண்டிச்செல்வியின் கொட்டகையில் கல் அடுக்கி அடுக்கி இடமில்லாமல் போய், மெஷின் நின்றது. இசக்கிபாண்டி மறுபடியும் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். ஆடி முடிவதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போவதென்று முடிவு.

ஒருநாள் பாண்டிச்செல்வி வந்தார். தலைத்துண்டு இல்லை, சாம்பல் இல்லை. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நேராகச் சுவருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தொட்டில போட்டீயளா சார்?"

"போட்டேன். நல்ல கல்லுன்னா தாங்கணும்ல?"

"போடாதீயன்னு சொன்னம்லா?"

"சொன்ன. அதான் போட்டேன்."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. "அப்பம் நான் சொல்லாம இருந்திருக்கணும்" என்றார். பிறகு திரும்பி நடந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வெயிலில் வல்லம் பக்கமாக நடந்தே போனார். பரசுராமனிடம் பேசப் பிடிக்காமல் நானும் கிளம்பினேன்.

அடுத்த நாள் அவரே என் கடைக்கு வந்தார். நகல் எடுக்க நின்ற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஜெராக்ஸு, ஒண்ணு கவனிச்சியா? அந்தம்மா மாத்தித் தர்றேன்னு சொல்லல."

"எதை?"

"கல்ல. தப்பு சரக்கு குடுக்கிறவன் மொதல்ல இன்னா சொல்லுவான்? மாத்தித் தர்றேன் சார், பெருசு பண்ணாதீங்க சார். நான் பாத்த அத்தினி பேரும் அதான் சொன்னான். இந்தம்மா சொல்லல. கெஞ்சவும் இல்ல. அது ஏன்?"

"தப்பு அவங்க மேல இல்லாததாலே இருக்கலாம்."

"இருக்கலாம்னு எதையும் எடுத்துக்க முடியாது" என்று எழுந்து போய்விட்டார். ராத்திரி தூங்கவில்லை என்று முகம் சொன்னது. வழக்கமான சந்தேகம்தான், ஆனால் இந்த முறை அது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கத்திரி வெயிலில், போர்வெல் மோட்டாருக்குப் பின்னால், இடுப்பளவில் இரண்டு குட்டைச் சுவர்கள் எழும்பின. தொட்டிக்குப் போகாமல் மிச்சமிருந்த சாம்பல் கல்லில் கொஞ்சம் எடுத்து, பாதியைத் தொட்டியில் ஊறப்போட்டு ஒன்று. பாதிக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து மற்றொன்று. கன்னியப்பன் கலவையைக் கூட்டிக் குறைத்துவிடுவார் என்று கலவையைத் தாமே போட்டார். கல் வைக்கும்போது பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவர் எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று கேட்டேன். "அந்தம்மா பொய்ய" என்றார்.

ஊறிய சுவர் விரிசல் விட்டது. தெளித்த சுவர் விடவில்லை.

அதோடு முடிந்ததா? ஊறிய சுவர் இருந்த பக்கம் வெயில் அதிகம் என்றார். கன்னியப்பன் அந்தம்மா ஊர்க்காரர்களோடு டீக்கடையில் பேசியதைப் பார்த்ததாகச் சொன்னார். "நீ கூட எதுனா தண்ணி ஊத்தினியா?" என்று என்னையே கேட்டார். இரண்டு சுவரையும் இடித்து, இடம் மாற்றி, கன்னியப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதிக் கல்லை எடுத்து, கரண்டியைத் தாமே பிடித்துக் கட்டினார். கோணல்மாணலாக இருந்தது. கட்டி முடித்துத் தென்னை ஓலையால் வெயிலை மறைத்தார். ஆனி மாதம் முழுக்கப் பகல்பொழுதுகளை அந்தச் சுவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டுக் கழித்தார். பாப்பம்மாள் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போவார்.

மறுபடியும் அதேதான். ஊறியது பிளந்தது. மற்றது கல்போல நின்றது.

நான் போனபோது, பிளந்த சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் இல்லை, வெயில் இல்லை, கலவையில் மாற்றமில்லை, நானும் பக்கத்தில் வரவில்லை. சந்தேகப்படுவதற்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளைச் சந்தேகப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. பையிலிருந்து ஆணியை எடுத்து விரிசலுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னா ஜெராக்ஸு, அந்த மெஷின வித்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. ஆள் வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு அனுப்புவார், ஒரு லோடாவது சொல்லி அனுப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்துவிட்டது. இவருடைய கடை நமக்கு வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குக் காலையிலிருந்தே சாலை நிறைய ஜனம். காவடியும் பால்குடமும் மேளமும், நடுவில் ஊர்ந்துபோகும் ஷேர் ஆட்டோக்களும். கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்துபோனேன். பரசுராமனின் காம்பவுண்டுச் சுவர் அருகே ஜனம் தேங்கி நின்றது.

சுவரில் ஏணியைச் சாத்தி அவரே ஏறி நின்றுகொண்டிருந்தார். கையில் பிரஷ், காலடியில் கருப்புப் பெயின்ட் டப்பா. போர்டு எழுதுகிற ஆளை அவர் எப்படி நம்புவார்? விரிசலைப் பூசவில்லை. விரிசலுக்கு மேலேயே, முழ உயர எழுத்தில், கோணலாக எழுதியிருந்தார்:

இந்த விரிசலுக்குக் கல் காரணம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் கல்லை ஊறப்போட்டது நான். மு. பரசுராமன்.

கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பாப்பம்மாள் கேட்டுக்கு உள்ளே நின்று, "ஊரே சிரிக்குது, எறங்கி வா" என்று கத்தினார்.

"சிரிக்கட்டும். படிச்சிட்டுதான சிரிக்கிறான்?"

சாலைக்கு எதிர்ப்பக்கம் பாண்டிச்செல்வியும் இசக்கிபாண்டியும் நின்றிருந்தார்கள். கோவிலுக்குப் போகிற வழி போலிருக்கிறது. கையில் அர்ச்சனைத் தட்டு. நான் அவர்களிடம் போனேன். பாண்டிச்செல்வி எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எதுக்கு சார் இப்படி ரோட்டுல எழுதுதாவ? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னா போதாதா?" என்றார்.

திரும்பி வந்து ஏணிக்குக் கீழே நின்று அதைச் சொன்னேன். பரசுராமன் எதிர்ப்பக்கம் பார்க்கவில்லை.

"அந்தம்மாகிட்ட சொன்னா அந்தம்மாக்கு மட்டும் தெரியும். நான் ஊருக்கெல்லாம்ல சொல்லி வச்சேன்."

பிரஷைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பின்பக்கமாகவே நடந்து சாலை நடுவுக்கு வந்தார். ஒரு காவடி அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தான் எழுதியதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஜெராக்ஸு, பஸ்ல போறவனுக்கு எல்லா எழுத்தும் தெரியுமா?"

"நல்லாத் தெரியுது சார்."

அவர் நம்பவில்லை. மறுபடியும் ஏணியில் ஏறி, பிரஷை டப்பாவில் முக்கி எடுத்து, ‘நான்’ என்ற சொல்லின் மேல் மட்டும் இன்னொரு கோட் அடித்தார்.